மாமாவின் கைக்காய்ப்பு

அத்தியாயம் 14

என் நாத்தனார் தொமோயே, கை கழுவாத மனிதரை மனிதராகவே மதிக்க மாட்டாள். நான் கல்யாணமாகி வந்த புதிதில், மீன் நறுக்கிய கையோடு கதவுப் பிடியைத் தொட்டுவிட்டேன் என்பதற்காக இரண்டு நாள் என்னை முறைத்தவள். அப்படிப்பட்டவள் அன்று காலை பதினொன்றரை மணிக்கு, முதியோர் இல்லத்துத் துணி அறையில் நின்றுகொண்டு, "சயோ, என் ரெண்டு கண்ணையும் நோண்டித் தூரப் போடணும்" என்று சொன்னாள்.

அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். இத்தனை வாரமாகக் கூடவே வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு மூச்சில் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் மாமனார் இசாபுரோ, சகாதா துறைமுகத்துக்குப் பின்தெருவில் 'கமே-நோ-யு' என்ற, ஊரார் காசு கொடுத்து வெந்நீரில் குளிக்கும் குளியல் கடையை ஐம்பத்தொரு வருஷம் நடத்தியவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், வீட்டில் ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், கடையை மூடுவதாக வாசலில் தாள் ஒட்டிவிட்டார். மறுநாள் காலை என் மாமியார் ஷிசுயே அத்தை, விவாகரத்துத் தாளில் முத்திரை குத்தி, சோயா சாஸ் பாட்டிலுக்கு அடியில் வைத்தார். "அம்பது வருஷமா நான் முட்டி போட்டுத் தேச்ச தரை. என்னை ஒரு வார்த்தை கேக்கல" என்று மட்டும் சொன்னார். ஒரே ஒரு பெட்டியோடு கிளம்பிவிட்டார். செந்தாய் நகரத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி.

தொமோயே அக்கா அப்பா பக்கம் நின்றாள். அன்றிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் பேச்சே கிடையாது. மாமா இப்போது இருப்பது, அக்கா தொற்றுத்தடுப்பு நர்ஸாக வேலை பார்க்கும் இல்லத்தின் இரண்டாம் மாடியில். நான் வாரத்தில் புதனும் சனியும் துவைத்த உடுப்போடு போய்ப் பார்த்து வருவேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், அவரைப் பற்றி இந்த வாரம் பேச்சில்லை.

அவ்வளவுதான் பழைய கதை. இனி அன்றைய நாளுக்கு வருவோம்.

அன்று புதன்கிழமை, வருஷத்திலேயே குட்டையான பகல். ஊர் முழுக்க, நாரத்தை மாதிரி மணக்கும் யூஸுப் பழம் மிதக்கும் வெந்நீரில் குளிக்கும் நாள். இல்லத்தில் அதைப் பெரிதாகவே கொண்டாடுவார்கள். இந்த வருஷம் அக்கா நிர்வாகியிடம் பேசி, மாமாவை அன்றைக்கு மட்டும் 'கடை முதலாளி' ஆக்கியிருந்தாள். ஒன்றரை மணிக்குக் குளியல் அறை திறக்கும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை வரவேற்க வேண்டியது அவர் பொறுப்பு. இலையுதிர் காலத்திலிருந்தே மனிதர் அந்த நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பழைய கடையில் திறக்கும்போது மாட்டி, மூடும்போது இறக்கும் வாசல் திரையை நான் மடித்து எடுத்துப்போயிருந்தேன். நீலத் துணியில் வெள்ளை ஆமை; 'கமே' என்றால் ஆமைதான். எங்கள் அலமாரியில் பதினோரு வருஷம் கற்பூர உருண்டையோடு கிடந்தது. மாமா அதை மடியில் விரித்து வைத்து மடிப்புகளை நீவிக்கொண்டிருந்தார்.

கடை நடந்த காலத்தில் இந்த நாளுக்கு என்ன கூட்டம் வரும்! மூன்று மணிக்குத் திறக்கிற கடைக்கு இரண்டு மணிக்கே வரிசை நிற்கும். வலைப் பையில் கட்டித் தொட்டியில் விட்ட பழங்களைக் குழந்தைகள் பிய்த்து எடுத்து ஒருவர் மேல் ஒருவர் எறியும். அத்தை, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகக் காசு வாங்கும் நடு மேடையில் உட்கார்ந்தபடியே, "எந்தப் பயடா அது? உங்கம்மா பொம்பளைங்க பக்கம்தான் குளிச்சிட்டிருக்கா, கூப்பிடட்டுமா?" என்று குரல் விடுவார். ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் சேர்ந்து சிரிக்கும். நான் புது மருமகளாக வந்த வருஷம், அத்தை ஒரு பழத்தை என் கையில் திணித்து, "உனக்குன்னு எடுத்து வச்சேன், போய் நல்லா முங்கிக் குளி" என்றார். அப்படி ஒரு வெந்நீரில் நான் அதற்கப்புறம் குளித்ததே இல்லை.

"திரையை நான்தான் மாட்டுவேன்" என்றார் மாமா.

"நீங்கதான் மாட்டணும் மாமா. வேற யாரு மாட்டறது?"

அவர் முன்னால் மேசையில் வெள்ளைத் துண்டுகள் குவிந்திருந்தன. தினமும் மதியம் அந்த மாடியின் இருபத்தேழு பேருக்கும் துண்டு மடிப்பது அவர் வேலை. அதையும் அக்காதான் ஏற்பாடு செய்தாள். வந்த புதிதில் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தவர், முதல் துண்டு கைக்கு வந்த அன்று இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். நீளவாக்கில் மூன்றாக மடித்து, பாதியாக மடித்து, ஓரத்தை உள்ளே செருகுவார். எங்கள் கடை மடிப்பு அது. இப்போது இல்லம் முழுக்க அந்த மடிப்புதான்.

துண்டைத் தடவிய அவர் கையைப் பார்த்தேன். பாய்லருக்கு மரம் தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன கை. என் மகள் குழந்தையாக இருந்தபோது, "தாத்தா கை சொரசொரன்னு இருக்கு" என்று குளிக்கும்போது சிரிப்பாள். அந்தக் கையைத் தண்ணீரில் விட்டு எடுத்தால் நாற்பத்து மூன்று டிகிரியா, நாற்பத்து நான்கா என்று சொல்லிவிடுவார். இந்தக் குளிருக்குக் காய்ப்பு இன்னும் தடித்து, சாம்பல் அப்பியது போல விரல் இடுக்கு வரை ஏறியிருந்தது. நகம் மட்டும் எப்போதும்போல அழகாக வெட்டியிருந்தது. அக்கா வெட்டிவிடுகிறாள், பரவாயில்லை, அப்பா மேல் அவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

துணி அறைக்குப் போனேன். அக்கா குளியலுக்கான துண்டுகளைத் தள்ளுவண்டியில் எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பேச்சோடு பேச்சாக விரல் இடுக்கைச் சொறிந்தேன்.

"என்ன சயோ, கை ஓயவே மாட்டேங்குது?"

"பாத்திரம் தேய்க்கிற சோப்பை மாத்தினேன்கா, ஒத்துக்கல. மூணு வாரமா அரிக்குது. படுத்துட்டா பிராணனை எடுக்குது."

"படுத்தா ஜாஸ்தியா?"

"ஆமாங்கறேன். உங்க தம்பி வேற பக்கத்துல கிடந்து சொறியறார். ரெண்டு பேரும் கொரங்கு மாதிரி…"

அக்கா சிரிக்கவில்லை. என் கையை வெடுக்கென்று இழுத்து விளக்குக்கு அடியில் பிடித்தாள். நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் பென்சில் கீறினாற்போல ஒரு சின்னக் கோடு. அதன் நுனியில் ஒரு புள்ளி. அவள் முகம் வெளுத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

"சொறிப்பூச்சி" என்றாள். "தோலுக்குள்ள வளை தோண்டியிருக்கு. நீ வாரத்துல ரெண்டு நாள் யார் கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறே?"

"யார் கையை? மாமா கையைத்தான்…"

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

மாமா முன்னால் குந்தி உட்கார்ந்து, "அப்பா, கையைக் காட்டுங்க" என்றாள்.

"ஜோசியம் பாக்கப் போறியா? எண்பத்தாறு வயசுல என்ன இருக்கு எனக்கு?"

அவள் அவர் உள்ளங்கையைத் திருப்பினாள். சின்னக் கத்தியால் காய்ப்பின் ஓரத்தை லேசாகச் சுரண்டினாள். மாவு போல உதிர்ந்தது. "அரிக்கலையா அப்பா?" என்றாள். "துளிக்கூட இல்ல" என்றார் அவர். செப்டம்பரில் தோளில் ஏதோ சிவந்திருந்தது, அரிப்புக்கு ஒரு களிம்பு போட்டார்கள், அரிப்பு போய்விட்டது, நாங்களும் மறந்துவிட்டோம்.

அவர் கையிலிருந்து ஒரு வாசனை வந்தது. யூஸு விதையை அரிசி மதுவில் ஊறப்போட்டுக் கைக்குத் தடவுவார்களே, அந்த வாசனை. அன்று இல்லமே யூஸு வாசனையில் மிதந்ததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவின் கத்தி மட்டும் ஒரு நொடி நின்று, பிறகு வேலையைத் தொடர்ந்தது.

சுரண்டியதை எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரியிலிருக்கும் தோல் டாக்டரிடம் அவளே போனாள். பதினைந்து நிமிஷத்தில் திரும்பி வந்து துணி அறைக் கதவைச் சாத்தினாள். அப்போதுதான் கண்ணை நோண்டிப் போடும் பேச்சு வந்தது.

"ஒண்ணு ரெண்டு இல்ல சயோ. ஒரு துணுக்குல அத்தனை பூச்சி, அத்தனை முட்டை. சாதாரணச் சொறின்னா ஒடம்புல பத்துப் பதினஞ்சு பூச்சிதான் இருக்கும், அரிச்சுத் தள்ளிடும். இது தோலைத் தடிக்க வச்சுட்டு லட்சக்கணக்குல குடித்தனம் பண்ற வகை. இதுல அரிப்பே இல்லாமலும் போயிடும். உதிர்ற தூளே போதும், அடுத்தவங்களுக்கு ஒட்டிக்கும்."

"காய்ப்புன்னுதானேக்கா நெனச்சோம்?"

"பதினோரு வருஷமா அப்பா மரத்தைத் தொடல. காய்ப்பு எப்பவோ கரைஞ்சிருக்கணும். கரைஞ்சும் இருக்கு. நாமதான் பாக்கல." அவள் குரல் உடைந்தது. "இந்த மாடியில இருபத்தேழு பேர் கையையும் நான் மாசா மாசம் நர்ஸா இருந்து பாக்கறேன். அப்பா கையை மட்டும் மகளா இருந்து பாத்துட்டேன். அது அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். போதாக்கொறைக்கு அந்தக் கையிலேயே எல்லாருக்கும் துண்டு மடிக்க வச்சேன்."

எனக்கும் அழுகை வந்தது. மாமாவின் கை சொரசொரவென்று இருந்தால் எனக்கு ஒரு நிம்மதி. பழைய கடை இன்னும் எங்கேயோ இருக்கிற மாதிரி. அந்த நிம்மதியே இப்படி வந்து முடியும் என்று யார் கண்டது?

கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு ஆகப்போகிறது, ஒன்றரைக்குக் குளியல்.

நல்ல புத்தி சொல்ல வேண்டிய நேரத்தில் நான் சொன்னதை மறைக்க மாட்டேன். "அக்கா, குளிச்சு முடிக்கட்டும். ரெண்டு மாசமா இருந்தது ரெண்டு மணி நேரத்துல ஓடியா போயிடும்? நாலு மணிக்குச் சொல்லிக்கலாம். மாமா அந்தத் திரையை மாட்டட்டும். ஒரே ஒரு தடவை."

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நானும் அதைத்தான் நெனச்சிட்டிருக்கேன்" என்றாள்.

அப்போது நடைபாதையில் கிறீச் கிறீச் என்று சத்தம். கதவைத் திறந்தேன். ஒரு பணிப்பெண், அக்கா அடுக்கிவைத்த துண்டு வண்டியைக் குளியல் அறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். மேலே வெள்ளை வெளேரென்று, ஓரம் செருகிய எங்கள் கடை மடிப்பில், இருபத்தேழு துண்டுகள். வண்டிக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் வந்த ஓர் அம்மாள், மேல் துண்டை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிக்கொள்ளக் கை நீட்டினாள்.

"தொடாதீங்க!"

அக்கா கத்தியதை அந்த இல்லத்தில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. ஓடிப்போய் வண்டியைப் பிடித்து நிறுத்தினாள். அந்த அம்மாள் மிரண்டுபோனாள். அக்கா அவள் முன்னால் இடுப்பு மடங்கக் குனிந்து, "மன்னிச்சுக்கோங்க. இன்னிக்குக் குளியல் இல்லை" என்றாள்.

நிர்வாகி அறையில் என்ன நடந்தது என்பதையும் நான் கதவருகே நின்று பார்த்தேன். "எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார் அவர். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"எங்க அப்பாகிட்டேர்ந்து. துண்டு மடிக்கிற வேலையைக் கொடுத்தது நான். கையைச் சரியாப் பாக்காம விட்டதும் நான். வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் போறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போறதெல்லாம் அப்புறம். இப்ப மொதல்ல என்ன செய்யணும்னு சொல்லுங்க, அதைச் செய்யணும்" என்றார். நல்ல மனுஷன்.

அடுத்த ஒரு மணி நேரம் அக்கா பம்பரமாகச் சுற்றினாள். மாமாவுக்கு நடைபாதைக் கோடியில் தனி அறை ஒழித்துவைத்தாள். எல்லாத் துண்டும் போர்வையும் பைகளில் கட்டப்பட்டு வெந்நீருக்குப் போயின. டாக்டர் மாத்திரையோடு வந்து ஒவ்வொருவர் விரல் இடுக்காகப் பார்த்தார். ஏழு பேருக்குச் சந்தேகம். நானும் ஒரு மாத்திரையை விழுங்கினேன், என் வீட்டுக்காரருக்கும் போன் போட்டு வரச் சொன்னேன். அக்காவையும் டாக்டர் பார்த்தார். அவள் கையில் ஒன்றுமில்லை. அப்பா கையைக்கூடக் கையுறை போட்டே பிடித்திருக்கிறாள்.

மாமாவிடம் சொல்வதுதான் பாக்கி.

அவர் குளியல் அறை வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யார் உதவியும் இல்லாமல் திரையை மாட்டி முடித்திருந்தார். ஆமை கொஞ்சம் கோணலாகத் தொங்கியது. நீள மேலங்கி, கையுறை, தலையுறை என்று வந்து நின்ற மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தொமோ, மீன் கம்பெனில வேலைக்குச் சேந்துட்டியா?"

அவள் முட்டி போட்டு உட்கார்ந்து சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்து, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேருக்கு?"

"ஏழு பேருக்கு இருக்கலாம். சயோவுக்கும் இருக்கு."

"என் துண்டாலயா?"

அக்கா ஆமாம் என்று தலையசைத்தாள்.

அவர் எழுந்தார். "கடையை மூடணும். நானே எறக்கறேன்" என்று திரைக்குக் கையை உயர்த்தினார்.

"அப்பா, தொடாதீங்க."

உயர்ந்த கை அந்தரத்தில் நின்றது. ஐம்பத்தொரு வருஷம் தினமும் தன் கையால் மாட்டி இறக்கிய திரை அது. போன தடவை கடையை மூடியபோது யாரையும் கேட்காமல் மூடிய மனிதர், இந்தத் தடவை மகள் முகத்தைப் பார்த்தார். "சயோ, நீ எறக்கும்மா" என்றார். எனக்கும் கையுறை கொடுத்திருந்தார்கள். கழியோடு இறக்கிப் பைக்குள் போட்டேன். அதைப்போல நெஞ்சை அறுத்த வேலையை நான் செய்ததில்லை.

"துணியை என்ன பண்ணுவீங்க?"

"அம்பது டிகிரி வெந்நீர்ல பத்து நிமிஷம் ஊறணும் அப்பா. பூச்சி செத்துடும்."

"அம்பதுதானா?" அந்த நிலையிலும் அவருக்கு ஏளனம் வந்தது. "அதெல்லாம் ஒரு சூடா? என் பாய்லருக்கு அது கொட்டாவி."

தனி அறையில் அவரை உட்கார வைத்துவிட்டு அக்கா ஒரு தாளும் பேனாவும் எடுத்தாள். அவர் கையைத் தொட்டவர் எல்லோருக்கும் மருந்து போக வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அங்கிருந்து மறுபடி கிளம்பும்.

"ரெண்டு மூணு மாசமா யார் யார் கையைப் பிடிச்சீங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

"நான் குளியல் கடைக்காரன். பாக்கறவங்க கையை எல்லாம் பிடிப்பேன்." ஆனாலும் ஒவ்வொருவராகச் சொன்னார். சதுரங்கம் ஆடுகிறவர், பக்கத்துக் கட்டில்காரர், முடி வெட்ட வருகிறவர். அக்கா எழுதிக்கொண்டே வந்தாள்.

"நகம் வெட்டறது? சயோ, அதை நீதானே வெட்டறே? எந்தெந்தக் கிழமை?"

"நானா? நீங்க வெட்டறீங்கன்னு நான் நெனச்சிட்டிருந்தேன்!"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு இரண்டு பேரும் மாமாவைப் பார்த்தோம். அவர் ஜன்னலுக்கு வெளியே விழும் பனியைப் பார்த்தார்.

"அப்பா, கைக்கு யூஸு விதைத் தண்ணி தடவினது யாரு?" அக்காவின் குரல் மாறியிருந்தது.

"அந்தப் பேரை எழுதாதே."

"எழுதலைன்னா அவங்களுக்கு மருந்து போகாது. யாரும் சொல்லலைன்னா அவங்களும் சோப்பு ஒத்துக்கலன்னு சொறிஞ்சிட்டே கிடப்பாங்க. உங்க கையைப் பாருங்க அப்பா. அவங்க கையும் இப்படி ஆகணுமா?"

மாமா தன் கையைப் பார்த்தார்.

"உங்கம்மா" என்றார்.

அக்காவின் பேனா தாளிலேயே நின்றது.

"அக்டோபர்ல ஒரு நாள் தூங்கிட்டிருந்தேன். முழிச்சுப் பாத்தா பக்கத்துல உக்காந்து என் நகத்தை வெட்டிட்டிருந்தா. நான் வாயைத் திறந்தேன். 'பேசாதீங்க, பேசினா எந்திரிச்சுப் போயிடுவேன், யார்கிட்டயாவது சொன்னாலும் அப்புறம் வர மாட்டேன்'னா. நான் பேசல. வாராவாரம் செவ்வாக்கிழமை வருவா. நகம் வளரலைன்னாலும் தேச்சு விடுவா, அந்தத் தண்ணியைத் தடவி விடுவா, அரை மணி நேரம் கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பா, போயிடுவா. பத்து செவ்வாக்கிழமை. மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லணும்னு தொண்டை வரைக்கும் வரும். சொன்னா போயிடுவாளேன்னு முழுங்கிடுவேன்." அவர் மூக்கை உறிஞ்சினார். "இப்ப சொல்லிட்டேன். இனிமே வர மாட்டா. அவளுக்கு மருந்து மட்டும் போயிடணும், தொமோ."

செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு விடுமுறை. அத்தை அதையும் தெரிந்துவைத்திருந்திருக்கிறார்.

கீழே வந்து பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டினோம். பத்துச் செவ்வாயும் இருந்தது. பெயர் கான்னோ, அத்தையின் பிறந்த வீட்டுப் பெயர். இந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு கான்னோ மேல்தான் விழும், யார் சந்தேகப்படுவது? உறவு என்ற இடத்தில் 'பழைய கடை வாடிக்கை' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் தொலைபேசி எண்.

சின்ன வயதில், கடை திறப்பதற்கு முன்னால், பாய்லர் அறைச் சூட்டில் செய்தித்தாளை விரித்து அம்மா, அப்பாவுக்கும் பிள்ளைகள் இருவருக்கும் நகம் வெட்டி விடுவாள் என்று அக்கா ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறாள். கடைசியில் விதைத் தண்ணீரைத் தடவி, கையை மோந்து பார்த்து, "ம், போ" என்பாளாம். பதினோரு வருஷமாக அக்கா அந்தக் கதையை எடுத்ததில்லை.

அவள் போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். எண்ணை அழுத்துவதற்குள் இரண்டு தடவை தவறிப்போனது. எதிர்முனையில் எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"வணக்கம். முதியோர் இல்லத்திலிருந்து தொற்றுத்தடுப்பு நர்ஸ் பேசறேன். கான்னோ அம்மாங்களா? நீங்க பாக்க வந்த ஒருத்தருக்குச் சொறித் தொற்று இருக்கறது இன்னிக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குக் கையில, விரல் இடுக்குல அரிப்பு எதாவது…"

அதற்கு மேல் அவளால் ஒப்பிக்க முடியவில்லை.

பிறகு, நடு மேடையிலிருந்து கடையையே அடக்கிய அதே குரல், கொஞ்சம் கிழடு தட்டி வந்தது.

"அப்ப அவர் வாயைத் திறந்துட்டாரு."

"திறந்துட்டார்மா."

"சொன்னா வர மாட்டேன்னு சொல்லியிருந்தேனே."

"தெரிஞ்சுதான் சொன்னார். உனக்கு மருந்து போகணும்னு சொன்னார்."

அத்தை வைத்துவிட்டாரோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன்.

"ஒரு மாசமா அரிக்குதுடி" என்றார் அத்தை. "சோப்பு ஒத்துக்கலன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகையிலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. கண்ணீர் முகக்கவசத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"எந்த வாசல் வழியா வரணும்? எப்பவும் பின்வாசல் வழியாத்தான் வருவேன்."

"முன்வாசல் வழியா வாம்மா. நான் நிக்கறேன். எப்ப முடியும்? செந்தாயிலேர்ந்து நாளைக்கு மொத பஸ்ஸுன்னா கூட…"

"செந்தாயா? பத்து நிமிஷத்துல வரேன்." சொல்லிவிட்டு, வைப்பதற்கு முன் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். "அவர்கிட்ட சொல்லிடு. இனிமே பேசலாம்னு."

பத்து நிமிஷம்! இத்தனை வருஷமும் இதே ஊரில், நடந்து வருகிற தூரத்திலா இருந்தார்? யார் வீட்டில்? அக்காவிடம் கேட்க வாயெடுத்தேன். அவள் கையுறையைக் கழற்றிவிட்டுக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். முப்பது நொடி போதும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள், அன்று குழாயை நிறுத்தவே இல்லை. நான்தான் போய் நிறுத்தினேன்.

புது மேலங்கி, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு இருவரும் மாடிக்குப் போனோம். மாமா கையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அம்மா வர்றாங்க. இன்னிக்கே. பத்து நிமிஷத்துல." அக்கா மூச்சு வாங்கினாள். "இனிமே நீங்க பேசலாமாம்."

மாமா திடுக்கிட்டு நிமிர்ந்தார். கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கலைந்த தலையைச் சரிசெய்யக் கையைத் தூக்கி, எதையும் தொடக்கூடாது என்று ஞாபகம் வந்து, அப்படியே கீழே இறக்கினார்.

"பேசலாமா?" என்றார். "ஐயோ தொமோ, என்னன்னு பேசுவேன்?"